கீறலின்றிக் காரைத் துவட்டுதல்

மழையில் நனைந்து வந்த குழந்தையின் தலையைத் தாய் துவட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். எடுத்த எடுப்பிலேயே அவள் துண்டைப் போட்டுத் தேய்ப்பதில்லை. முதலில் கையால் நீரை வழித்துவிடுகிறாள். பிறகு துண்டைத் தலைமேல் வைத்து ஒற்றுகிறாள். அதன் பின்னரே மெல்லத் துவட்டுகிறாள். நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருளும் ஒருவகைத் துவட்டுதல்தான். கழுவிய காரின் ஈரத்தை, அதன் வர்ணத்தில் கீறல் விழாதபடி எவ்வாறு போக்குவது என்பதே அது.

"இது ஒரு பெரிய காரியமா? துணியை எடுத்துத் துடைத்தால் ஆயிற்று" என்று சிலர் கருதலாம். நானும் நெடுநாள் அவ்வாறே கருதியிருந்தேன். என் கருத்து மாறிய வரலாற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தில்லியில் நான் குடியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில், வேறு பல நகரங்களில் உள்ளதுபோலவே, விடியற்காலையில் கார்களைத் துடைக்கும் தொழிலாளர்கள் உண்டு. ஐந்து மணிக்கு, கையில் ஒரு வாளியும் தோளில் ஒரு துணியுமாக வருவார்கள். அலுவலகம் செல்வோர் கீழே இறங்கி வருவதற்குள் பத்துப் பன்னிரண்டு கார்களைத் துடைத்து முடித்துவிட வேண்டும். எங்கள் கார்களைத் துடைத்து வந்தவர் நடுத்தர வயதினர். மார்கழிக் குளிரிலும் அவர் வாராத நாள் இல்லை. நான் கார் வாங்கி எட்டு மாதங்கள் ஆகியிருக்கும். ஒரு நாள் பிற்பகல், வெயிலில் நின்ற அந்தக் கறுப்பு வண்டியின் பானெட்டைத் தற்செயலாகப் பார்த்தேன். அதில் தெரிந்த சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல மெல்லிய கோடுகள் எண்ணற்றுக் காணப்பட்டன. மறுநாள் காலையில் அந்தத் தொழிலாளரைக் கூப்பிட்டு, நான்கு பேர் எதிரில் கடிந்துகொண்டேன். அம்மாதக் கூலியிலும் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் எதிர்வாதம் செய்யவில்லை. தம் வாளியைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். "இதற்கு மேல் நீர் எடுக்கக் காவலர் விடுவதில்லை, பாபுஜி. பன்னிரண்டு வண்டிக்கும் இது ஒன்றுதான். துணி தாங்கள் கொடுத்ததுதான்" என்று இந்தியில் சொன்னார். நான் குனிந்து பார்த்தேன். வாளியின் அடியில் ஒரு விரற்கடை அளவுக்கு மண் படிந்திருந்தது. அவர் கையில் இருந்த துணி என்னுடைய பழைய பனியன்.

குற்றம் யாருடையது என்பதை அந்த வாளியே சொல்லிவிட்டது. அன்று முதல்தான் இதைப் பற்றிச் சிறிது படிக்கவும் செய்து பார்க்கவும் தொடங்கினேன். அறிந்துகொண்டதைச் சுருக்கிச் சொன்னால் ஒரு வாக்கியத்தில் அடங்கும்: காரின் வர்ணத்தைக் கீறுவது துணி அன்று; துணிக்கும் வர்ணத்திற்கும் இடையில் அகப்பட்ட மண்ணே கீறுகிறது. இனி நான் சொல்லப்போவன எல்லாம் இந்த ஒரு வாக்கியத்தின் விரிவுரைதான்.

முதலில், நாம் காக்க விரும்பும் வர்ணம் எத்தகையது என்று பார்ப்போம். இன்றைய கார்களில், எஃகுத் தகட்டின்மேல் துருவைத் தடுக்கும் பூச்சு ஒன்றும், அதன்மேல் அடிப்பூச்சும், அதன்மேல் நிறப்பூச்சும், எல்லாவற்றிற்கும் மேலாகக் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் மேற்பூச்சும் உண்டு. இத்தனையும் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் தடிமனே இருக்கும். ஒரு மில்லிமீட்டர் என்பது 1,000 மைக்ரான். நாம் பளபளப்பு என்று கண்டு மகிழ்வது அந்த மேற்பூச்சின் பளபளப்பே. அதன் தடிமன் ஏறத்தாழ 40 மைக்ரான்தான். பலருடைய தலைமயிரின் பருமனைவிடவும் இது குறைவு. வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பதும் இந்த மெல்லிய படலமே.

பழைய அம்பாசடர் வண்டிகளை வைத்திருந்தவர்களுக்கு ஓர் அனுபவம் இருக்கும். மெருகிடும்போது துணியில் காரின் நிறமே ஒட்டிக்கொள்ளும். அவற்றில் நிறப்பூச்சுக்கு மேலே தனிப்பட்ட காப்புப் பூச்சு இல்லாததே அதற்குக் காரணம். இன்றைய கார்களில் நிறம் துணியில் ஒட்டுவதில்லையாதலால், தேய்ப்பதால் ஒன்றும் தேய்வதில்லை என்று நாம் எண்ணிவிடுகிறோம். உண்மையில் தேய்வது மேற்பூச்சு. அது நிறமற்றதாகையால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அடுத்து, கீறும் பொருளைப் பார்ப்போம். ஒரு பொருள் மற்றொன்றைக் கீறவல்லதா என்பதைக் கொண்டு தாதுக்களின் கடினத்தை அளக்கும் முறை ஒன்றை ஜெர்மானிய அறிஞர் ஃபிரெட்ரிக் மோஸ் 1812-இல் வகுத்தார். அதில் முகப்பூச்சு மாவுக்குப் பயன்படும் மாக்கல்லுக்கு 1, வைரத்துக்கு 10. சாதாரணக் கண்ணாடி ஏறத்தாழ 5½. மணலில் பெரும்பகுதியாக உள்ள குவார்ட்ஸ் என்னும் படிகக்கல்லுக்கு 7. அதாவது, தெருவில் பறக்கும் மணல் தூள் கண்ணாடியையே கீறவல்லது. காரின் மேற்பூச்சோ கண்ணாடியைவிட மிகவும் மென்மையானது. கோடையில் மேற்கிலிருந்து புழுதிக்காற்று வீசும் தில்லி போன்ற நகரத்தில், ஒரே இரவில் கார்மேல் படியும் தூசியில் இத்தகைய துகள்கள் எத்துணை இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அதன்மேல் துணியை அழுத்தித் தேய்த்தால், எவ்வளவு மெல்லிய துணியானாலும் அது அக்கணமே உப்புத்தாள் ஆகிவிடுகிறது. தச்சர் மரத்தை இழைக்கும் அதே காரியத்தை நாம் அன்றாடம் நம் காருக்குச் செய்கிறோம்.

சூரியனைச் சுற்றி வட்ட வட்டமாகத் தெரிந்த கோடுகளைப் பற்றியும் ஒரு சொல். வட்டமாகத் துடைத்ததால்தான் அவை வட்டமாக விழுந்தன என்று பலர் எண்ணுவர். அது முழுதும் சரியன்று. கீறல்கள் எல்லாத் திசைகளிலும் ஓடிக் கிடக்கின்றன. ஒளி வரும் வழிக்குக் குறுக்காக அமைந்த கீறல்கள் மட்டுமே அவ்வொளியை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகின்றன. அதனால் விளக்கைச் சுற்றி அவை வளையங்களாக அடுக்கப்பட்டவைபோல் தோன்றுகின்றன. இரவில் ஒரு டார்ச் விளக்கை எடுத்துப் பானெட்டின்மேல் நகர்த்திப் பாருங்கள். வளையங்களும் கூடவே நகரும். உங்கள் கார் இதுவரை எவ்வாறு துடைக்கப்பட்டு வந்துள்ளது என்பதை அந்த விளக்கு ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடும்.

"துடைப்பதில் இத்தனை ஆபத்து இருக்குமானால், கழுவிவிட்டு அப்படியே உலரவிட்டால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நம் நாட்டில் பெரும்பாலான இடங்களில் நீர் கடினநீராக இருப்பதே அதற்குத் தடை. குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றும், வேறு நீர் கிடைக்காவிடில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 2012-ஆம் ஆண்டு விதி கூறுகிறது. லிட்டருக்கு 500 மில்லிகிராம் உள்ள நீரைப் பதினைந்து லிட்டர் வாளியில் நிரப்பினால், அதில் ஏழரை கிராம் சுண்ணச்சத்து மறைந்திருக்கிறது என்பது கணக்கு. கார்மேல் நிற்கும் துளியிலிருந்து நீர் ஆவியாகப் போய்விடும், சுண்ணம் போகாது. துளியின் ஓரத்தில் வெள்ளை வளையமாக அது தங்கிவிடும். வெயிலில் காய்ந்து இறுகினால் எளிதில் பெயராது. நாளடைவில் மேற்பூச்சிலேயே தடம் பதித்துவிடுவதும் உண்டு. அதைப் போக்க வேண்டி நாம் அழுத்தித் தேய்க்கத் தொடங்குவோம், கீறலும் தொடங்கும். ஆகவே, ஈரத்தைப் போக்கித்தான் தீர வேண்டும். எப்படிப் போக்குவது என்பதுதான் கேள்வி.

இனி முறையைச் சொல்கிறேன்.

துவட்டுதல் என்பது கழுவும்போதே தொடங்கிவிடுகிறது. காரில் மண் தங்கியிருக்குமானால், பிறகு எத்தகைய துணியைக் கொண்டு துவட்டினாலும் பயனில்லை. ஆகையால் காரை நிழலில் நிறுத்துங்கள். தகடு கைக்குக் குளிர்ந்திருக்க வேண்டும். துணியைத் தொடுமுன், கூரையிலிருந்து கீழ்நோக்கி நீரை ஊற்றி, மண் ஊறிக் கழன்று ஓட அவகாசம் கொடுங்கள். சோப்பு நீருக்கு ஒரு வாளியும், கழுவும் துணியை அடிக்கடி அலசிக்கொள்ள வெறும் நீருக்கு மற்றொரு வாளியும் வேண்டும். இரண்டாவது வாளியின் அடியில் மண் சேரச் சேர, அவ்வளவும் காரின்மேல் தேய்படாமல் தப்பிய மண் என்று மகிழுங்கள்.

கடைசி அலசலில் ஒரு நுட்பம் இருக்கிறது. ரப்பர்க் குழாயால் அலசுவோர், வாயை விரலால் அடைத்து நீரைச் சீறவிடுவது வழக்கம். மண்ணைப் போக்க அது நல்லதே. ஆனால் அது காரெங்கும் ஆயிரம் துளிகளைத் தெளித்துவிடுகிறது. கடைசி அலசலுக்கு மட்டும் விரலை எடுத்துவிட்டு, குழாயைக் கூரைக்கு அருகில் தாழப் பிடித்து, நீரை மெல்ல வழியவிடுங்கள். நீருக்குத் தன்னோடு தான் ஒட்டிக்கொள்ளும் இயல்பு உண்டு. அது ஒரே படலமாக இறங்கும்போது, வழியில் நிற்கும் துளிகளையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போய்விடும். துவட்ட வேண்டிய ஈரத்தில் பெரும்பகுதி, துணி படாமலே நீங்கிவிடும். குழாய் இல்லாதவர்கள் குவளையைத் தகட்டுக்கு அருகில் பிடித்து, வீசாமல் சரித்து ஊற்றினாலும் இதே பயன் கிட்டும். காரில் மெழுகு பூசியிருந்தால் இது இன்னும் எளிது.

நீரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வீட்டில் குடிநீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. கருவி கழித்துத் தள்ளும் நீரைச் சேர்த்துவைத்துக் காரைக் கழுவுவோர் பலர். வீணாகும் நீரைப் பயன்படுத்துவது பாராட்டுக்குரியதே. ஆனால் குடிநீரிலிருந்து நீக்கப்பட்ட உப்பெல்லாம் அந்தக் கழிவு நீரில்தான் செறிந்திருக்கிறது. முதல் அலசலுக்கு அது ஆகும். கடைசி அலசலுக்கு ஆகாது. அதற்கு மாறாக, குளிர்சாதனப் பெட்டியின் குழாயிலிருந்து சொட்டும் நீர், காற்றிலிருந்த ஈரம் குளிர்ந்து வந்ததாகையால் உப்பு மிகக் குறைந்தது. தூய பாத்திரத்தில் பிடித்துவைத்தால் கடைசி அலசலுக்கு மிகவும் ஏற்றது. மழைநீரும் அத்தகையதே.

இப்போது துணிக்கு வருவோம். பழைய பனியன், கிழிந்த வேட்டி, புடவைத் துண்டு ஆகியவற்றையே நாம் காருக்கு ஒதுக்குகிறோம். பருத்தி மென்மையானதுதான். ஆயினும் நெய்த துணியின் பரப்பு தட்டையானது. எஞ்சிய ஒரு மணல் துகள் அதில் அகப்பட்டால், உள்ளே ஒடுங்க இடமின்றித் துணிக்கும் தகட்டுக்கும் நடுவே உருண்டுகொண்டே வரும். சட்டையிலிருந்து கிழித்த துணியாயின் பொத்தானும் மடித்துத் தைத்த ஓரமும் வேறு. ஷாமாய் என்று வழங்கும் மெல்லிய தோலை முன்னாளில் கார் ஓட்டுநர்கள் பெரிதும் போற்றினார்கள். ஐரோப்பிய மலையாட்டின் பெயரைத் தாங்கிய அது இக்காலத்தில் பெரும்பாலும் செம்மறியாட்டுத் தோலை மீனெண்ணெயில் பதப்படுத்திச் செய்யப்படுவது. நீரை நன்றாக உறிஞ்சும். எனினும் அதன் பரப்பும் தட்டையாதலால், மண் சிறிதும் இல்லாத வண்டிக்கே அது ஏற்றது.

இந்நாளில் கிடைப்பவற்றுள் சிறந்தது மைக்ரோஃபைபர் துண்டு. பாலியெஸ்டர், நைலான் என்னும் இரண்டு செயற்கை இழைகளைச் சேர்த்து, மயிரிழையினும் பன்மடங்கு மெல்லியதாகப் பிளந்து செய்வது அது. பிளந்த இழைகளின் இடுக்குகளில் நீர் ஏறி நிற்கிறது. நம் தேங்காய்ப்பூத் துண்டைப் போல நீண்ட மயிருள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். எங்கேனும் ஒரு துகள் தப்பியிருந்தாலும், அது மயிர்களுக்கிடையே உள்ளே போய்விடும். தகட்டின்மேல் நின்று கீறாது. துண்டின் ஓரத்தில் தைத்துள்ள விலைச்சீட்டை முதலில் கத்தரித்துவிடுங்கள்.

துண்டு எவ்வளவு நல்லதானாலும், கையாளும் முறை தவறினால் பயனில்லை. துண்டை விரித்துக் கூரையின்மேல் படுக்க வையுங்கள். இரண்டு முனைகளையும் பிடித்து, அழுத்தாமல் உங்களை நோக்கி இழுங்கள். துண்டின் கனமே போதுமான அழுத்தம். கையின் வலு வேண்டியதில்லை. பக்கவாட்டில் கதவுகளுக்குத் துண்டை வைத்து ஒற்றி எடுங்கள். மை ஒற்றும் தாளை எழுத்தின்மேல் வைத்து எடுத்த நாளை முதியவர்கள் நினைவுகூரலாம். அங்கே தேய்த்தால் எழுத்து அழியும். இங்கே தேய்த்தால் பளபளப்பு அழியும். முதலில் கூரை, அடுத்துக் கண்ணாடிகள், பிறகு பானெட்டும் பின்மூடியும், அதன்பின் கதவுகளின் மேல்பாதி என்று மேலிருந்து கீழாக வாருங்கள். கதவுகளின் கீழ்ப்புறத்திலும் சக்கரங்களிலும்தான் மண் மிகுதி. அவற்றுக்கு வேறு துணி வைத்துக்கொள்ளுங்கள். அத்துணி தவறியும் மேலே வரக்கூடாது. துண்டு கைதவறித் தரையில் விழுந்துவிட்டால், உதறிவிட்டு மீண்டும் எடுக்காதீர்கள். அன்றைய வேலை அதற்கு முடிந்தது. ஆகவே இரண்டு துண்டுகள் வைத்திருப்பது நலம்.

பக்கக் கண்ணாடியின் பின்னும், கதவுக் கைப்பிடியிலும், எண் பலகையின் இடுக்கிலும் ஒளிந்திருக்கும் நீர், எல்லாம் முடிந்தபின் கோடாக வடிந்து வரும். காற்றூதும் கருவி உள்ளவர்கள் அதனால் ஊதிவிடலாம். இல்லாதவர்கள் கதவுகளை ஒருமுறை திறந்து மூடிவிட்டு, சிறிது பொறுத்து, துண்டின் ஒரு முனையால் ஒற்றிவிடலாம். ஜன்னல் கண்ணாடி துடைக்கும் ரப்பர் வழிப்பானை வர்ணத்தின்மேல் ஓட்டாதீர்கள். அதன் விளிம்பில் ஒரு துகள் அகப்பட்டால் நெடுங்கோடு விழும். கடைசியாக, நனைந்த பிரேக் சற்று வலுக்குறைந்து பிடிக்கும். சாலையில் இறங்கியதும், பின்னால் வண்டி வராதபோது மெதுவாக ஓட்டி இரண்டு மூன்று முறை பிரேக்கை அழுத்தி உலர்த்திக்கொள்ளுங்கள்.

துண்டையும் பேண வேண்டும். மற்றத் துணிகளோடு சேர்க்காமல் தனியே, மிதமான சோப்பு நீரில் துவையுங்கள். துணிகளை மிருதுவாக்கும் திரவத்தைச் சேர்த்தால் இழைகளின் இடுக்கு அடைபட்டு, நீரை உறிஞ்சாது. நிழலில் உலர்த்தி, தூசி படாமல் உறையில் இட்டு வையுங்கள்.

இவ்வளவும் கேட்டபின், "இதற்கெல்லாம் நீருக்கு எங்கே போவது?" என்று கேட்போர் இருப்பர். அது புறக்கணிக்கக்கூடிய கேள்வி அன்று. 2024 மார்ச்சில் பெங்களூரில் நீர்ப்பஞ்சம் வந்தபோது, குடிநீரால் கார் கழுவுவதையே தடை செய்து, மீறுவோருக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று நகர நீர் வாரியம் அறிவித்தது. நீர் அரிதான நாளில் என்ன செய்வது? காரைத் தொடாமல் விட்டுவிடுவதே சரி. கண்ணாடிகளையும் விளக்குகளையும் மட்டும் நீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்துக்கொண்டால் போதும். பாதுகாப்பாக ஓட்ட அதுவே தேவை. தூசி படிந்து நிற்கும் காருக்கு அத்தூசியால் பெரிய தீங்கில்லை. அதை உலர்ந்த துணியாலோ, நாள்தோறும் தூசி தட்டும் குஞ்சத்தாலோ தேய்ப்பதுதான் தீங்கு. நாள்தோறும் அரை வாளி அழுக்கு நீரில் துடைப்பதைவிட, வாரம் ஒருமுறை இரண்டு வாளி நல்ல நீரில் கழுவித் துவட்டுவது காருக்கும் நல்லது. மொத்தத்தில் நீரும் மிச்சம்.

விழுந்துவிட்ட கீறல்களை மெருகுக் கடையில் போக்கித் தருகிறார்களே என்று சிலர் ஆறுதல் கொள்ளலாம். மெருகு என்பது கீறலை நிரப்புவது அன்று. கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள மேற்பூச்சைத் தேய்த்துச் சமன்செய்வது. நாற்பது மைக்ரானில் சில மைக்ரான் அம்முறை போய்விடும். சில முறைக்குமேல் அது தாங்காது. வருமுன் காப்பதே இதில் வழி.

என் கதையின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். பிடித்த கூலியை அத்தொழிலாளரிடம் திருப்பிக் கொடுத்தேன். நான்கு பேர் எதிரில் கடிந்துகொண்டவன், அதே நான்கு பேர் எதிரில் தவறு என்னுடையது என்று சொல்ல வேண்டியிருந்தது. கூலியைத் திருப்பிக் கொடுப்பதைவிட அது கடினமாக இருந்தது. பிறகு எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் ஒரு யோசனை வைத்தேன். நாள்தோறும் துடைப்பதை நிறுத்தி, ஒவ்வொரு காரையும் வாரம் ஒருமுறை இரண்டு வாளி நீரில் கழுவச் செய்வது. துண்டுகளை அவரவர் வாங்கிக் கொடுப்பது. கூலியைக் குறைக்காமல் இருப்பது. சிலர் இசைந்தனர். "காசு கொடுக்கிறோம், தினமும் துடைக்க வேண்டாமா?" என்று சிலர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கின்றனர். இசைந்தவர்களுடைய கார்களை இப்போது அவர் துவட்டும் முறையை நான் மாடியிலிருந்து பார்ப்பதுண்டு. துண்டைக் கூரையில் விரிக்கிறார். இரண்டு முனையையும் பிடித்து மெல்ல இழுக்கிறார். ஒரு முறை காட்டியதோடு சரி. இப்போது என்னைவிட நன்றாகச் செய்கிறார். அவருக்குத் தெரியாமல் இருந்தது தொழில் அன்று. அவரிடம் இல்லாமல் இருந்தவை இரண்டாவது வாளியும் நல்ல துணியுமே.

ஆகவே நேயர்களே, நாளைக் காலை உங்கள் காரின்மேல் கீறலைக் கண்டால், துடைத்தவரைக் கூப்பிடுமுன் அவருடைய வாளிக்குள் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.